நஞ்சுக்கொடிச் சத்து

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் வேலை செய்த சலூனில், தலை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு தட்டு இருந்தது. அதில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் நிறைந்த பெட்டிகளை அடுக்கியிருப்போம். முடி கொட்டுகிறது என்று வரும் பெண்களுக்குத் தலையைக் கழுவிய பிறகு, ஒரு குப்பியின் கழுத்தை உடைத்து, உள்ளே இருப்பதை மண்டையில் ஊற்றித் தேய்த்துவிடுவது என் வேலை. இரண்டு வருடம் அதைச் செய்தேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் வாசித்ததில்லை.

யூரோ வந்து மூன்று வருடம் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், என் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனாள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வயிறு கல்லாக இறுகியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உடுப்பெல்லாம் இரத்தம். டாக்டர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: பிளட்சென்டா. அது நேரத்துக்கு முன்னரே கழன்றுவிட்டதாம். பக்கத்தில் நின்ற என் கணவர், "நஞ்சுக்கொடி" என்று மெதுவாகச் சொன்னார்.

பிள்ளையைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கணவரும் அவருடைய வேலைத்தல நண்பர் ஒருவரும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

மூன்று மாதம் கழிந்து என் முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், சோப்பில், சோற்றில் எல்லாம் முடி. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது வழக்கம், தானாக நின்றுவிடும் என்று குடும்ப டாக்டர் சொன்னார். பிள்ளை பெற்றவள் என்று என்னைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

சலூன்காரி அறுபது வயதை நெருங்கிய ஜேர்மன்காரி. அதிகம் பேசாதவர், ஆனால் நல்ல மனுஷி. ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளர் இல்லாத நேரம், என்னைத் தொட்டியடியில் உட்காரச் சொல்லி அவரே என் தலையைக் கழுவினார். பிறகு ஒரு குப்பியை உடைத்தார்.

"இது நல்லது. பிளட்சென்டா சத்து. என் அம்மா காலத்திலிருந்தே இருக்கிறது."

நான் தண்ணீர் ஒழுக ஒழுக எழுந்துவிட்டேன்.

"யாருடையது?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "செம்மறியோ, பன்றியோ... ஏதோ மிருகத்தினுடையது. முன்பு ஆஸ்பத்திரிகளில் இருந்தும் வாங்கினார்கள் என்று அம்மா சொல்லுவார். இப்போது அப்படியில்லை." சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குப்பி தொட்டிக்குள் விழுந்து உருண்டது.

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் கேட்டேன்.

"அதை என்ன செய்தவை? எங்கை கொண்டு போனவை?"

"எதை?"

"நஞ்சுக்கொடியை."

"விசரே உமக்கு? அதைப் போய் ஆர் கேப்பினம்?" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. முன்பு என்றால் எவ்வளவு முன்பு என்று யாரும் சொல்லவில்லையே. அடுத்த லீவு நாளில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவப் பகுதியில் அன்று என்னோடு நின்ற மருத்துவச்சியே இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் உடைந்த ஜேர்மனில் கேட்டதை அவர் சிரிக்காமல் கேட்டார். என் மருத்துவக் கோப்பை எடுத்துவந்து வாசித்தார்.

"ஏன் கழன்றது என்று அறிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அதன் பிறகு எரித்துவிடுவார்கள். யாருக்கும் கொடுப்பதில்லை, அம்மணி. யாருக்கும்."

நான் நன்றி சொல்லி எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளையின் படம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. பிறகு வந்து எடுக்கிறேன் என்று உங்கள் கணவர் சொன்னார்."

படம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வெள்ளை உறையைக் கொடுத்தார். பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து திறந்தேன். பிள்ளையை மஞ்சள் துவாய் ஒன்றில் சுற்றியிருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. கறுத்த, ஈரமான, தடித்த முடி, நெற்றி மறையும் அளவுக்கு. இரண்டு பஸ்கள் வந்து போயின.

கணவர் வேலையால் வந்ததும் உறையை மேசையில் வைத்தேன். அது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் தாங்கமாட்டீர் எண்டு நினைச்சன்."

"நீங்கள் பிள்ளையைப் பாத்தனீங்களோ?"

அவர் சப்பாத்துக் கழற்றுவதற்காகக் குனிந்தார். நிமிராமலே நாடாவை அவிழ்த்தார்.

"ஏலாமல் போட்டுது," என்றார். "பெட்டியை மூடித்தான் தந்தவை. நான் திறக்கச் சொல்லேல்லை."

அந்தக் குப்பிகளை இனித் தொடமாட்டேன் என்று சலூன்காரியிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்காமல் அந்த வேலையை மற்றப் பெண்ணிடம் கொடுத்தார். கோடைக்குள் என் முடி தானாகவே முளைத்தது, முன்பைவிட மெல்லியதாக. பிறகு எங்களுக்குப் பிள்ளை உண்டாகவில்லை.

படத்தைக் கடவுச்சீட்டுகள் இருக்கும் மேசை லாச்சிக்குள் வைத்தேன். கணவர் அதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரேயொரு நாள், பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டு நின்றபடி, என்னைப் பாராமல் கேட்டார்:

"ஆரைப் போல இருக்கிறாள்?"

"உங்களைப் போல," என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.