அரை டிக்கெட் வான்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றுவது பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் விதிகளை வாசித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு சீற், ஒரு பெல்ற். வானுக்கு அனுமதித்த அளவுக்கு மேல் ஒருவரையும் ஏற்றக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. கடைசி வரிசையில் இருந்து மாமாவின் வானை நினைத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு நான் அம்மா, அக்காவோடு ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. நாங்கள் குடியிருந்த ரொம்மனிலிருந்து, நகரின் மறுபக்கம் ஹவுகெட்டோவில் நடந்த தமிழ் வகுப்புக்கு அவர்தான் எங்களைக் கொண்டுபோவார். மற்றப் பிள்ளைகளின் அப்பாமாருக்குச் சனிக்கிழமையும் துப்புரவு வேலை இருந்தது. யார் பிள்ளையை ஏற்றச் சொன்னாலும் மாமாவுக்கு மறுக்க வராது. மடிக்குமேல் மடியாக இருப்போம். வானுக்குள் ஈரச் சப்பாத்தும் தோடம்பழத் தோலும் மணக்கும்.

"இது பிழையில்லையோ மாமா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"பஸ்ஸிலை சின்னனுக்கு அரை டிக்கெட்தானே? அப்ப சீற்றும் அரை காணும்," என்றார் மாமா. அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் பயம். மாமா வயதானவர்களை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். "லைசென்ஸைப் பறிச்சாங்கள் எண்டால் என்னடா செய்வாய்?" என்று ஒவ்வொரு சனியும் கேட்பாள். "நீ சும்மா இரு அக்கா," என்று மாமா வானை எடுப்பார்.

ஒரு சனிக்கிழமை வளைவு ஒன்றைத் தாண்டியதும் பொலிஸ் கையைக் காட்டியது. மாமா பதறிப்போனார்.

"படுங்கோ! எல்லாரும் கீழை படுங்கோ!"

தலை தெரியாமல் ஒளியச் சொன்னார், அவ்வளவுதான். இங்கே பிறந்த பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுவதுபோலச் சிரித்துக்கொண்டு குனிந்தார்கள். ஊரிலிருந்து வந்த நாங்கள் சிரிக்கவில்லை. கிடைத்த இடத்தில் குப்புறப் படுத்தோம். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல், காதுகளைப் பொத்தி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டோம். குண்டு போடும்போது அப்படிப் படுக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்.

கதவு திறந்தது. குளிரோடு ஒரு பொலிஸ்காரி எட்டிப் பார்த்தாள். சிரித்த பிள்ளைகளைப் பார்த்து அவளும் சிரித்தாள். பிறகு கீழே பார்த்தாள். பனியில் முழங்காலை ஊன்றி, கையுறையைக் கழற்றி, அக்காவின் தோளைத் தொட்டு ஏதோ மெல்லச் சொன்னாள். எனக்கு அந்த மொழி விளங்கவில்லை. மாமா சொல்லாமல் எழும்பக்கூடாது என்று கிடந்தேன்.

லைசென்ஸ் போகவில்லை. இனிமேல் இப்படி ஏற்றக்கூடாது என்று எச்சரித்து, மிஞ்சிய பிள்ளைகளைப் பொலிஸ் தங்கள் காரிலேயே வகுப்பில் இறக்கிவிட்டது. நானும் அதில் போனேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்னேரம் மாமா இரண்டு தரமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். கடைசியில் அக்காவும் நானும் மட்டும் வானில் இருந்தோம். மாமா பாராட்டுவார் என்று பார்த்திருந்து, பிறகு நானே கேட்டேன்.

"மாமா, நான்தான் திறமாப் படுத்தனான், என்ன? கொஞ்சமும் அசையேல்லை."

மாமா வானை ஓரமாக நிறுத்தினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பெற்றோல் முடிந்துவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன்.