கோல் தரையைத் தொடவில்லை

பொங்கல் விடுமுறையில் எங்கள் ஊரில் யாரும் ஏரியில் வலை போடுவதில்லை. அந்த நாட்களில்தான் நைனா பகலில் வீட்டில் இருப்பார். டிவியில் வருடா வருடம் ஒரே கறுப்பு வெள்ளைக் காதல் படத்தைத்தான் போடுவார்கள். நல்ல சிரிப்புப் படம். அதில் கதாநாயகன் கதாநாயகியைத் தோணியில் ஏற்றி, கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவான். அந்தக் காட்சி வந்ததும் நைனா எழுந்து நின்று கத்துவார்.

"டேய், கோலு தரையவே தொடல. தோணி எப்டிடா போவுது?"

அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "யோவ், வாய மூடுய்யா! அந்தப் பொண்ணு இன்னா சொல்றான்னே காதுல வுழல."

நைனா அடங்கமாட்டார். திரையில் அவள் உதடு அசையும், அவன் சிரிப்பான். அவள் என்ன சொன்னாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன ஐப்பசியில் நைனா மாரடைப்பில் போய்விட்டார். துக்க வீடு என்பதால் இந்த வருடம் நாங்கள் பொங்கல் வைக்கவில்லை. வீடு கிடந்த அமைதி தாங்காமல் நான்தான் டிவியைப் போட்டேன். அதே படம். இந்தச் சேனல்காரர்களுக்கு வேறு படமே கிடைக்காதா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் அணைக்கவில்லை.

தோணி வந்தது. யாரும் கத்தவில்லை. கதாநாயகி பேசியது முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டது.

"பார்த்துப் போங்க, எனக்கு நீச்சல் தெரியாது."

அவ்வளவுதான். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தக் கேக்கவாடி அந்த மனுசன வருசா வருசம் வாய மூடச் சொன்னேன்?" என்றாள்.