பூட்டிய வீட்டுக்குள் வேலை

எட்டு மணிக்கு முன்னரே எங்கள் ஒழுங்கையில் ஆண்வாடை அற்றுப்போகும். கோட்டும் குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக எல்லாரும் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு இறங்கி, கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரயிலைப் பிடித்துவிடுவார்கள். மிஞ்சுகிற ஒரே ஆம்பிளை நான். சாரமும் பனியனுமாக வீட்டின் பின்னறையில் நின்று படம் வரைந்துகொண்டிருப்பேன். அதுதான் என் தொழில்.

அந்த அறைக்கு வடக்குப் பக்கம் ஒரு பெரிய சன்னல். காலை வெளிச்சம் பதினொரு மணி வரை அதில் ஆடாமல் அசையாமல் நிற்கும். அதன்பிறகு பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுத் தெறித்து, தீட்டிய நிறமெல்லாம் வேறாகத் தெரியும். ஆகவே எனக்கு நாள் என்று இருந்தது அந்தக் காலைப்பொழுது மட்டும்தான். அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு நாய் படாது.

"தம்பி, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், உந்தப் பிள்ளையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ." "தம்பி, மீன்காரன் வந்தால் எனக்கும் வாங்கி வையுங்கோ." சும்மா, சும்மா, சும்மா! ஓவியன் சில வேளை அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்தபடி நிற்பான். அதுவும் வேலைதான் என்று யாரிடம் போய்ச் சொல்ல? சன்னலால் எட்டிப் பார்ப்பவர்களுக்கு நான் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொள்வேன்.

என் மனைவி கொள்ளுப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். பூட்டு யோசனை அவளுடையது.

"இஞ்சேருங்கோ, நான் முன்கதவை வெளியாலை பூட்டிக்கொண்டு போறன். வீட்டிலை ஆளில்லையெண்டு நினைக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் அவள் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். பூட்டு விழுகிற சத்தம் கேட்டவுடன் நான் தூரிகையை எடுப்பேன். டர்ப்பன்டைன் மணம் ஒழுங்கை முழுக்க வீசும். நான் உள்ளே இருப்பது குஞ்சு குருமனுக்கும் தெரியும். ஆனால் பூட்டின கதவை ஒருவரும் தட்டுவதில்லை. சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் அவ்வளவு வேலை நான் வேறெப்போதும் செய்ததில்லை.

ஒருநாள் சன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு போனார்கள். "ஆம்பிளையை உள்ளுக்கு விட்டுப் பூட்டிப்போட்டு, அந்தப் பிள்ளையெல்லே உழைக்கப் போகுது." சிரிப்பும் கேட்டது. எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அதன்பிறகு இருமல் வந்தால்கூடத் துணியை வாயில் வைத்துத்தான் இருமினேன்.

அப்போது நான் வரைந்துகொண்டிருந்தது அவளுடைய படம். அரக்குச் சேலையோடு கதிரையில் இருக்கிறாள். கொழும்பில் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு அதைக் கொடுப்பதென்று இருவரும் தீர்மானித்திருந்தோம். அங்கே படம் ஏறினால் என்னையும் ஓவியன் என்று நாலு பேர் தேடி வருவார்கள். என்னைவிட அவளுக்குத்தான் அதில் ஆசை. சனிக்கிழமைக் காலைகளில் அவள் எனக்கு முன்னால் அசையாமல் இருப்பாள். முகம் முடிந்துவிட்டது, சேலையும் முடிந்தது. மடியில் வைத்த கைகள் மட்டும் கரிக்கோடாகவே கிடந்தன.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து மாமா, என் மனைவியின் தகப்பனார், வந்து சேர்ந்தார். என் மனைவியின் தங்கைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பெரிய கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். அவருடைய சொந்தக்காரர் எங்கள் ஒழுங்கைக்கு அப்போதுதான் குடிவந்திருந்தார்கள்; நான் போவதும் வருவதும் அவர்கள் கண்ணில் படும்.

"தம்பி, மூத்த மருமகன் என்ன உத்தியோகம் எண்டு கேப்பினம்," என்றார் மாமா, என் முகத்தைப் பாராமல். "படம் கீறுறார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அரசாங்கக் கந்தோரிலை வரைபடப் பகுதி எண்டு சொல்லிப்போட்டன். ஒரு மாதத்துக்கு நீங்களும் உந்த ரயிலிலை போய் வந்தால் போதும்."

நான் ஓம் என்றேன். அவருக்காக என்று சொன்னால் பொய். கோட்டைப் போட்டுக்கொண்டு மற்ற ஆம்பிளைகளோடு ஒருநாளாவது அந்த ஒழுங்கையால் இறங்கிப் போக வேண்டும் என்று எனக்கே உள்ளூர ஓர் ஆசை இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை! என் மனைவி கோட்டை எடுத்து அயர்ன் பண்ணித் தந்தாள்.

அப்படியாக என் காலைகள் ரயிலில் போயின. கோட்டையில் இறங்கினால் போக இடமில்லை. கிராண்ட்பாஸ் டிராமில் ஏறி அந்தம் வரை போய், அதே டிராமில் திரும்பி வருவேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வெளிச்சம் நல்லாயிருக்கிற நேரம் முழுக்க ஏதாவது தேத்தண்ணிக் கடையில் குந்தியிருப்பேன். சிங்களக் கடைக்காரன் "மாத்தயா", ஐயா, என்று கும்பிடு போடுவான். மனதுக்குள் நெளிந்தாலும் அது இனித்தது. கந்தோருக்குச் சனிக்கிழமையும் அரைநாள் வேலை உண்டென்பதால், அவள் கதிரையில் இருக்கும் காலைகளும் போய்விட்டன. ஞாயிறுகளில் மாமாவைப் பார்க்க ஊர்ச்சனம் வந்து வீட்டை நிறைத்தது. வீடு திரும்பும்போது பின்னறையில் இருட்டு விழுந்திருக்கும். நான் படத்தைத் துணியால் மூடி வைத்தேன்.

மாதம் முடியும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், பின்னறை வாசலில் நின்றுவிட்டார். படத்தின் மேல் துணி இல்லை. என் மனைவிதான் காலையில் அதை எடுத்திருக்கிறாள்; எனக்குத் தெரியாது.

"உது இந்த வீட்டுப் பிள்ளையெல்லே!" என்றார் அவர். "கூப்பிட்டால் எழும்பி வந்திடும் போலக் கிடக்கு. ஆர் கீறினது?"

மாமா என்னைப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு வந்த என் மனைவியும் என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து நின்றது. நான் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"தெரிஞ்ச ஓராள்," என்றேன்.

"நல்ல கைகாரன். பின்னை ஏன் கை ரெண்டையும் முடிக்காமல் விட்டவர்?"

என் மனைவிதான் பதில் சொன்னாள். "அவருக்கு நேரம் கிடைக்கேல்லை."

"உந்தக் கலைஞர்மார் எல்லாரும் இப்பிடித்தான், பிள்ளை. சோம்பேறியள்! எங்கடை தம்பியைப் போல நேரத்துக்கு எழும்பிக் கந்தோருக்குப் போகச் சொல்லுங்கோ பாப்பம்." அவர் என் முதுகில் தட்டிச் சிரித்தார். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சம்பந்தம் நிச்சயமானது. அன்று பின்னேரமே மாமா யாழ்ப்பாண ரயில் ஏறினார்.

திங்கட்கிழமை நான் கோட்டைத் தொடவில்லை. பழையபடி சாரத்தைக் கட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கண்காட்சிக்குப் படம் கொடுக்க அந்த ஒரு வாரம்தான் மிச்சமிருந்தது.

"ஒரு நாள் லீவெண்டு சொல்லி அனுப்புமன்," என்றேன், தலை வாரிக்கொண்டிருந்தவளிடம். "கை மட்டும்தானே. முடிச்சிடலாம்."

அவள் கொண்டையை முடிந்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டு விழும் சத்தத்துக்காக நின்றேன். சத்தம் வரவில்லை. முன்பக்கம் ஓடி வந்தால், கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அவள் வெளிவாசல் படலையடியில் நிற்கிறாள்.

"இஞ்சேரும், பூட்டேல்லையே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அவளிடம்.

"ஏன் பூட்ட? உள்ளுக்கு வேலை செய்யிற ஆள் ஒருத்தரும் இல்லையே."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். நான் பனியனோடு வாசலில் நின்றேன். எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையோடு ஒழுங்கையைத் தாண்டி வந்தாள்.

"தம்பி, இண்டைக்குக் கந்தோர் இல்லையோ? சும்மாதானே நிக்கிறியள்?"

"ஓம்," என்று சொல்லி, கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.