முட்டு

அந்தப் பெண்கள் விடுதியில் மேட்ரன் முத்துப்பேச்சிக்குப் பயப்படாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. பழனிசெட்டிபட்டியைத் தாண்டினால் வரும் தனியார் கல்லூரியின் விடுதி அது. வார்டன் என்று பேருக்குச் சூரியபிரகாஷ் என்று ஒருவர் இருந்தார். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். பெண்கள் விடுதிக்குள் ஆம்பிளை எதற்கு என்று வாசல் கேட்டைத் தாண்டிக் காலெடுத்து வைக்க மாட்டார், எல்லாமே போனில்தான். ஆண்டது முத்துப்பேச்சி. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் படியேறி வரும் சத்தம் கேட்டாலே மாடியில் சிரிப்பு நின்றுவிடும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘பூட்டு’. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டுக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொரோனா வந்தது. ஊரெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்க, இவளுக்கு மட்டும் யோகம் அடித்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது அலையில் பிராக்டிக்கல் பரீட்சை உள்ளவர்களை மட்டும் விடுதியில் வைத்துக்கொண்டார்கள். வெளியே போனவள் திரும்பி வரக்கூடாது. ஒரு அறைக்காரி இன்னொரு அறைக்குள் எட்டிப்பார்க்கக்கூடாது. காய்ச்சலோ இருமலோ கண்டால் பின்ரூம் என்று பிள்ளைகள் சொல்கிற கொல்லைப்புறத்து ஸ்டோர் ரூமில் தனியாக இருக்க வேண்டும், டெஸ்ட் முடிவு வருகிறவரை யாரும் கிட்டே போகக்கூடாது. யாருக்கு உடம்புக்கு என்ன என்றாலும் மேட்ரன் உடனே வார்டனுக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் வார்டன் போட்டது.

மிச்சத்தை முத்துப்பேச்சியே சேர்த்துக்கொண்டாள். பின்ரூம்காரிக்கென்று தனித்தட்டு, தனி டம்ளர். அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொல்லையில் இருந்த வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டாள். துணி துவைக்கிற கல்லில் சோற்றை வைத்துவிட்டுக் கையைத் தட்டுவாள். இவள் பத்தடி விலகிய பிறகுதான் அந்தப் பிள்ளை வெளியே வந்து எடுக்க வேண்டும். குழாயைத் தொடக்கூடாது, தண்ணீரை இவளே தூக்கி ஊற்றுவாள். மறந்துபோய் எவளாவது ஒரு அடி கூட வைத்துவிட்டால், “கிட்ட வராத” என்று ஒரு சத்தம் போடுவாள். நாய்கூட ஓடிவிடும்.

ஒருநாள் வார்டன் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு அசந்துபோனார்.

“இவ்வளவும் எங்கன கத்துக்கிட்டீக? கவர்மெண்டுக்காரவுகளே உங்ககிட்ட பாடம் படிக்கணும் போலருக்கே.”

முத்துப்பேச்சி சிரித்துச் சமாளித்தாள். எங்கே கற்றாள் என்பதை அவளால் அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அவளுடையது. பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊரில் மாதவிலக்கை யாரும் தூரம் என்றோ, வீட்டுக்கு விலக்கு என்றோ சொல்ல மாட்டார்கள். முட்டு என்பார்கள். முட்டானவள் ஊருக்கு வெளியே முட்டுவீட்டில் போய்க் கிடக்க வேண்டும். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. அவரவர் தட்டும் டம்ளரும் மரத்தில் பையில் தொங்கும். வீட்டிலிருந்து சோறு வரும், கல்லில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அதே வீடுதான்.

முத்துப்பேச்சி முதல் பிள்ளையை அங்கேதான் பெற்றாள். பெண் குழந்தை. ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வாசலில் நின்று அவள் கத்தினாள். முட்டுவீட்டுக்கு முன்னால் நட்டிருந்த எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் புருஷன் நின்றான், மாமியார் நின்றாள், ஊரே குடை பிடித்துக்கொண்டு நின்றது. மாமியார் ஒரு தைலக் குப்பியைத் தூக்கி எறிந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவள் நாலு எட்டு முன்னால் வந்தபோது அத்தனை பேரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்.

“கிட்ட வராத.”

விடிவதற்குள் குழந்தை விறைத்துவிட்டது. புதைத்த கையோடு முத்துப்பேச்சி பஸ் ஏறியவள்தான். தேனியில் நூல் மில்லில் வேலை பார்த்தாள், பிறகு விடுதியில் பெருக்கினாள், பிறகு மேட்ரன் ஆனாள். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டதைச் சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு, சரி என்று பூண்டை வாங்கிக்கொண்டு வந்தாள். முட்டு என்ற சொல்லை அதன் பிறகு அவள் வாயால் சொன்னதில்லை. பிள்ளைகள் பீரியட்ஸ் என்றார்கள், இவளும் பீரியட்ஸ் என்று பழகிக்கொண்டாள்.

இவ்வளவு பட்டவள் அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் கொஞ்சம் ஈரமாக இருந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கையைத் தட்டுகிறவளாக இருப்பது அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது.

சித்திரை வெயிலில் கயல் இருமினாள்.

கயல் கம்பத்துப் பிள்ளை, கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். அப்பாவுக்குக் கேரளாவில் ஏலத்தோட்ட வேலை. குமுளியில் எல்லையை அடைத்துவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். அம்மா மாரீஸ்வரி திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். கயலுக்கு வாய் சும்மா இருக்காது. ‘பூட்டு’ என்ற பட்டப்பெயரை வைத்ததே அவள்தான். காய்ச்சல் என்றதும் முத்துப்பேச்சி அவளை வாயைத் திறக்க விடவில்லை, போர்வையைச் சுருட்டிக் கையில் கொடுத்துப் பின்ரூமுக்கு நடத்திவிட்டாள்.

“அக்கா, எங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டுக்கிறேன். வந்து கூட்டிட்டுப் போயிருவாக.”

“போன இங்கன குடு.”

பின்ரூம்காரியின் போனை மேட்ரன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முத்துப்பேச்சியே வார்டனிடம் சொல்லி வாங்கிய விதி. முன்னால் ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் பேசிவிட, அவள் சொந்தக்காரர்கள் ஒரு ஜீப் நிறைய வந்து கேட்டை உலுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். போன் இருந்தால் ஊரைக் கூட்டுவாளுக சார், என்றாள் இவள். வாங்கி வையுங்க, என்றார் அவர். அன்றைக்கு மாரீஸ்வரிக்கு முத்துப்பேச்சியே பேசினாள். லேசான காய்ச்சல்தான், இங்கே நல்லாப் பார்த்துக்கிறோம், இ-பாஸ் இல்லாமல் நீங்கள் வந்து போலீஸில் மாட்ட வேண்டாம் என்று முடித்துவிட்டாள். மறுமுனையில் அம்மா நூறு தடவை நன்றி சொன்னாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. டெஸ்ட் முடிவு வரவில்லை. கயல் சோற்றை எடுக்க வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள் முத்துப்பேச்சி.

அடுத்த நாள் மதியம் கல்லில் வைத்த தட்டு அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்தது. முத்துப்பேச்சி கையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே பத்தடியைத் தாண்டி ஜன்னலுக்கு வந்தாள். கயல் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருந்தன. மாஸ்க் மூக்குக்குக் கீழே நழுவியிருந்தது. முகம் வேர்த்திருந்தது.

“ஏத்தா, சோறு எடுக்கல?”

கயல் தலையைத் தூக்கினாள். சொல்ல வந்ததைச் சேர்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

“முட்டு… க்கா…”

முத்துப்பேச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் அடுத்தவர் வாயிலிருந்து அவள் காதில் விழுந்தது. அட, இவள் நம்ம பக்கத்துப் பிள்ளையா? அம்மா வழியோ அப்பா வழியோ நம்ம ஊர் ரத்தமா? முட்டாகிவிட்டு, இந்த அறையில், தனித்தட்டோடு, கேட்க நாதியில்லாமல் கிடக்கிறாளா? அவளுக்கு அந்த ஒழுகின கூரை ஞாபகம் வந்தது.

“ரொம்பவா ஆத்தா?”

கயல் தலையை ஆட்டினாள்.

“இரு, நான் பாத்துக்கிறேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீ நிம்மதியா படு.”

சொன்னபடியே எல்லாம் செய்தாள். தன் அலமாரியிலிருந்து ஒரு நாப்கின் பாக்கெட்டை எடுத்தாள். சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காப்பி வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றினாள். முட்டுவீட்டில் யாராவது தனக்கு இப்படிச் செய்யமாட்டார்களா என்று ஏங்கியதையெல்லாம் தேடித்தேடிச் செய்தாள். கல்லில் வைக்கவில்லை, ஜன்னல் கம்பி வழியாக உள்ளேயே வைத்தாள். கயல் கையை நீட்டினாள். அது காப்பிக்கு நீட்டின கை இல்லை, இவள் கையைப் பிடிக்க நீட்டினது. முத்துப்பேச்சிக்கு அது புரியவில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டால் வலி கூடும் என்று ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மாடியிலிருந்து ஒருத்தி, “அக்கா, கயல் ஏதோ தட்டுற மாதிரி சத்தம் கேக்குது” என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

“அவளுக்கு வயித்து வலி. தொந்தரவு பண்ணாம உங்க சோலியப் பாருங்க.”

சாயங்காலம் வழக்கம்போல வார்டன் போன் செய்தார். பின்ரூம் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பொம்பளை சமாச்சாரத்தை ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? இந்த ஒரு பிள்ளையாவது நாலு பேர் வாயில் விழாமல் இருக்கட்டும் என்று அவளுக்கு ஒரு பாசம். விதி போட்ட நாளிலிருந்து அதை மீறாதவள், அன்று முதல்முறையாக மீறினாள்.

“நல்லா இருக்கா சார். காய்ச்ச விட்டுருச்சு. தூங்குறா.”

கல்நெஞ்சக்காரியாகவே இருந்திருந்தால், விதிப்படி சோறு எடுக்கவில்லை என்று வார்டனிடம் சொல்லியிருப்பாள். ஆம்புலன்ஸ் வந்திருக்கும். தேனி ஆஸ்பத்திரி ஒன்றும் சீமையில் இல்லை. அவளுக்கு இரக்கம் வந்து தொலைத்தது.

காலையில் முத்துப்பேச்சி ஜன்னலைத் திறந்தபோது கயல் கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். கை கதவின் அடிப்பக்கத்தில் இருந்தது. காப்பி ஃபிளாஸ்கில் அப்படியே இருந்தது.

டெஸ்ட் முடிவு மதியம் வந்தது. கொரோனா என்று தெரிந்ததும் சுகாதாரத்துறை ஆட்கள் பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போய்விட்டார்கள். எரிக்கிற இடத்துக்குக்கூட அம்மாவை விடவில்லை. அப்பாவைக் குமுளியில் விடவில்லை. வீரபாண்டித் திருவிழா இல்லாத அந்தச் சித்திரையில், மாரீஸ்வரி யார் யார் காலிலோ விழுந்து பாஸ் வாங்கி, மகளின் சாமான்களை எடுத்துப்போக விடுதிக் கேட்டுக்கு வந்து நின்றாள்.

உள்ளே விடக்கூடாது என்பது விதி. முத்துப்பேச்சி பையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து பூட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றாள். கையைத் தட்டவில்லை, அதுவரைக்கும் நல்லது.

மாரீஸ்வரி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து பையைப் பிரித்தாள். சுடிதாரை எடுத்து மோந்தாள். போனைக் கையில் வைத்துத் தடவினாள். லேப் கோட்டை மடித்தாள். பிறகு பிரிக்காத அந்த நாப்கின் பாக்கெட் கைக்கு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எம்மக வாங்குறது இல்லையே. பரீட்சைக்கு வீட்டுலருந்து கெளம்பும்போதுதான தலைக்குக் குளிச்சா? இது எதுக்குக்கா?”

“நாந்தான் குடுத்தேன்.”

“எதுக்கு?”

முத்துப்பேச்சிக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னப் பெருமை இருந்தது. நான் உன் மகளைக் கடைசியில் கவனித்தேன் என்று இந்த அம்மாவுக்குத் தெரியட்டும். நம்ம ஊர்க்காரி என்றும் தெரியட்டும்.

“கடைசியா எங்கிட்டதான் பேசுனா. முட்டுக்கான்னு சொன்னா. மனசு கேக்கல. சுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, இதையும் குடுத்து, யாரும் தொந்தரவு பண்ணாமப் பாத்துக்கிட்டேன். நீங்க எந்த ஊருப் பக்கம்? எங்க ஊருலதான் அப்படிச் சொல்லுவாக.”

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அவளுக்குச் சின்னதுலருந்தே இழுப்பு உண்டுக்கா. பனி பட்டாப் போதும், முட்டுதும்மா முட்டுதும்மான்னு எம்மேல வந்து சாஞ்சுக்குவா. மூச்சு முட்டுதுன்னு முழுசாச் சொல்ல வராது அவளுக்கு.” சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள், கேட்டுக்குள் நிற்கிறவளைப் பார்த்தாள். “மூச்சு முட்டுதுன்னு சொன்ன பிள்ளைக்கு நீங்க இதையா குடுத்தீக?”

முத்துப்பேச்சிக்கு ஜன்னல் கம்பி வழியாக நீண்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. மாடியிலிருந்து ஒருத்தி சொன்ன அந்தத் தட்டுகிற சத்தம் ஞாபகம் வந்தது. அவள் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். அவசரத்தில் அது பூட்டுக்குள் நுழையவில்லை. எப்படியோ கேட்டைத் திறந்துகொண்டு, மாஸ்க் நழுவியதுகூடத் தெரியாமல், ரோட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நோக்கி நாலு எட்டு ஓடினாள்.

மாரீஸ்வரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“கிட்ட வராதீக” என்றாள்.