நகராத வீட்டுக்கு ஓர் இருப்பிடச் சான்று

பத்து வருடம் நாட்டின் எல்லையைக் காத்துவிட்டு வந்தவன் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். எல்லையைக் காத்தவர்களுக்குக் காலுறை வழங்கிவிட்டு வந்தவன் நான். ராணுவத்தில் என் வேலை ஸ்டோர் குமாஸ்தா. எதிரி என்னைப் பிடிக்க வேண்டுமென்றால் மலைபோல் அடுக்கியிருந்த கம்பளி மூட்டைகளை முதலில் தாண்டி வர வேண்டும். எந்த எதிரிக்கும் அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

இப்படி நான் வடக்கே ஓர் எல்லைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தபோது, தெற்கே என் சொந்த ஊரின் எல்லையை நகர்த்திவிட்டார்கள்.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில். நான் பிறந்தபோது அது மதராஸ் மாகாணம். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஆந்திரா ஆயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ராணுவத்தில் சேர்ந்த அன்று, சொந்த ஊர் என்ற இடத்தில் சித்தூர் ஜில்லா, ஆந்திரா என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அது சத்தியம். அதற்கப்புறம் எல்லைக்கோட்டைத் திருத்தினார்கள். ஊர் மறுபடி மதராஸ் பக்கம் வந்து செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. நான் ஊர் திரும்பிய வருடம் மாநிலமே தமிழ்நாடு என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவ்வளவுக்கும் எங்கள் வாசல் புளியமரம் ஒரு முழம்கூட அசையவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கம்பளி மூட்டைகளில் சாய்ந்துகொண்டு முகாம் நூலகத்தையே படித்து முடித்திருந்தேன். ஆனாலும் படித்தவன் என்று சொல்ல ஒரு காகிதம் வேண்டும் என்ற ஆசை விடவில்லை. ஜில்லாவில் இருந்த ஒரு கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புக்கு விண்ணப்பம் போட்டேன். இந்த மாநிலத்து முன்னாள் படைவீரர்களுக்குப் படிப்புச் சம்பளத்தில் சலுகை உண்டு. அந்தச் சலுகை கிடைத்தால் மாணவன், கிடைக்காவிட்டால் மறுபடி ஏதாவது கிடங்கில் குமாஸ்தா. முழுச் சம்பளம் கட்ட என்னிடமும் வழியில்லை, கூலிக்கு ஏர் பிடித்துக்கொண்டிருந்த நைனாவிடமும், அதாவது அப்பாவிடமும், வழியில்லை.

கல்லூரி குமாஸ்தா, ராணுவத்தில் கொடுத்தனுப்பிய என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினார்.

"நீங்க ஆந்திராவாச்சே."

"இல்ல சார். நான் சேர்ந்தப்ப ஊரு அங்க இருந்துச்சு."

"அப்பால இங்க வந்துச்சா? எப்டி, பஸ்ஸுலயா?"

"கவர்மெண்டு மாத்தினது சார்."

"அது எனுக்கும் தெரியும், மிலிட்டரிக்காரரே. ஆனா இத்த பாருங்க." ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "மாத்தி ரெண்டு வருசம் கயிச்சு, சொந்த ஊர் வெவரத்துல மாற்றம் உண்டான்னு மிலிட்டரி ஒங்க ஊட்டுக்கு எய்திக் கேட்டுக்கீறான். 'மாற்றம் எதுவும் இல்லை'ன்னு பதில் போயிக்கீது. நான் ஒங்கள நம்பறதா, இத்த நம்பறதா?"

எனக்கே இரண்டாவதுதான் நம்பும்படி இருந்தது.

"தாசில்தார் கையெழுத்தோட இருப்பிடச் சான்று கொண்டாங்க. வெள்ளிக்கிழமை கடைசி" என்றார். அன்று திங்கள்.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் பஸ்ஸைப் பற்றி நான் கேட்பதில்லை. என் நல்ல குணங்கள் என்று எண்ணினால் இந்த ஒன்றுதான் தேறும்.

வீட்டுக்குப் போய் நைனாவிடம் கேட்டேன். "நைனா, மிலிட்டரிலேர்ந்து அட்டை ஒண்ணு வந்துச்சா? மாற்றம் உண்டான்னு கேட்டு?"

"வந்துச்சே. போஸ்ட்மேன் படிச்சுக் காட்னான். ஊடு மாறிக்கீதான்னு கேக்கறாங்கன்னான். இல்லன்னு எய்தச் சொல்லி ரேகை வெச்சேன்."

"மாநிலம் மாறிச்சே நைனா."

"அத்த மாத்துனவன கேக்கணும். என்னாண்ட கேட்டது ஊட்ட. ஊடு இங்கதான கீது?"

பிறகு நான் வாங்கிய பட்டத்தின் பாடத்திட்டத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். நைனா கக்கத்தில் ஒரு துணிப்பை. என்ன என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும்" என்றார். நாஷ்டா பொட்டலம் என்று நினைத்துக்கொண்டேன்.

தாசில்தார் பொறுமையான மனிதர். அவருடைய சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. "உங்க ஊர் இப்ப நம்ம பக்கம்தான். ஆனா நீங்க அந்த ஊர்தானா? சலுகைக்காக எல்லைக்கோட்டுக்கு அந்தாண்ட இருந்து வந்து, இங்கதான் இருந்தோம்னு சொல்றவங்களும் உண்டு. பட்டா ஏதாவது இருக்கா?"

நிலம் இருந்தால் பட்டா பேசும். எங்களுக்கு நிலம் இல்லை. குடிசை நின்றதும் புறம்போக்கு. நாங்கள் அங்கே இருந்தோம் என்பதற்கு எங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நைனா துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு நீளக் கம்பி. அதில் குத்தி ஏற்றியிருந்தவை நான் பத்து வருடமாக எழுதிய கடிதங்கள். அடியில் இருந்தவற்றின் மேல் சித்தூர் ஜில்லா, ஆந்திரா. கொஞ்சம் மேலே வந்ததும் செங்கற்பட்டு ஜில்லா, மதராஸ். நைனாவின் பெயரும் தெருவும் மாறவே இல்லை. எல்லாவற்றிலும் வந்து சேர்ந்த எங்கள் ஊர்த் தபாலாபீஸின் அதே முத்திரை.

தாசில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு ரெண்டு பிரிச்சுப் பாருய்யா" என்று குமாஸ்தாவிடம் கம்பியை நீட்டினார்.

"முகவரியைப் பார்த்தா போதும் சார்" என்றேன். முகவரியோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அந்த ஆபீசில் இல்லை. அந்தக் குமாஸ்தா நல்ல குரல் வளம் உள்ளவர்.

"'நைனாவுக்கு அநேக நமஸ்காரம். நேற்று எதிரிகள் எங்கள் முகாமை நெருங்கினார்கள். நான் துப்பாக்கியுடன் தயாராக நின்றேன்...'"

பக்கத்து மேஜைகளில் பேனாக்கள் நின்றன. தாசில்தார் கடிதத்தைப் பார்த்தார், டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸ்டோர் கிளார்க்னு போட்டிருக்கே?"

"நெருங்கினது உண்மைதான் சார்" என்றேன். "நானூறு மைல் வரைக்கும்."

ஆபீஸ் சிரித்தது. நான் நைனாவைப் பார்க்கவில்லை. பத்து வருடமாக அந்தக் கடிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"ஸ்டோருன்னு எனுக்கு மொத வருசமே தெரியும் சார்" என்றார் நைனா. "எயுத்து அப்டி ஒயுங்கா கீதே. சண்டையில நிக்கறவன் குந்திக்கினு இப்டியா எய்துவான்னு போஸ்ட்மேன் அப்பவே சொல்ட்டான்."

"தெரிஞ்சும் ஏம்பா எல்லாத்தையும் வெச்சிருக்க?"

"சண்டைக்கோசரம் வெக்கல சார். எங்க ஊட்ல எய்தத் தெரிஞ்ச மொத ஆளு இவன்தான். மாசம் தவறாம எய்தினான். எதுனா ஒண்ண தூக்கிப் போட்டா, நடுவுல ஒரு மாசம் அவன் எய்தலன்னு ஆயிடாதா?"

தாசில்தார் கம்பியை இரண்டு கையாலும் வாங்கி நைனாவிடம் கொடுத்தார். புதன்கிழமை சான்று கிடைத்தது. பிறந்தது முதல் இந்த மாநிலத்துக்காரன் என்று அதில் எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த சில வருடங்களைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். சலுகை என்ற இடத்தில் முத்திரை குத்திவிட்டு, "பஸ்ஸு வந்துடுச்சு போல" என்றார். பிள்ளைகளுக்கு நடுவே பெரிய மீசையோடு நான் பி.யூ.சி.யில் உட்கார்ந்தேன். முதல் நாள் வகுப்பே எழுந்து எனக்கு வணக்கம் சொன்னது. நான் மாணவன் என்று தெரிந்ததும் வருத்தப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து ராணுவப் பதிவு அலுவலகத்திலிருந்து அதே அட்டை வந்தது. ஊர் திரும்பிய படைவீரரின் விவரத்தில் மாற்றம் உண்டா? இந்த முறை போஸ்ட்மேனுக்கு வேலை இல்லை. நானே பேனாவை எடுத்தேன். நைனா பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இன்னா எய்தப் போற?"

"மாநிலம் மாறிடுச்சுன்னு எழுதறேன் நைனா."

"அத்த அடியில எய்திக்க. மேல, என் புள்ள காலேஜுல படிக்கிறான்னு எய்து."

அதற்கென்று அட்டையில் கட்டம் இல்லை. மேலே ஓரத்தில் இடம் கண்டுபிடித்து எழுதினேன். நைனா மைப்பெட்டியை வாங்கி, கட்டைவிரலை அழுத்தி அதன் பக்கத்திலேயே வைத்தார்.