ரூபாய் ஏறிய வருடத்துக் கருவாடு

எங்கள் ரூபாய்க்கு மதிப்புக் கூடிய வருடத்தில்தான் ராத்தாவின் பிழைப்பு கெட்டது. என் புருஷன்தான் கெடுத்தார் என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை. ஆனால் அன்று வாயைத் திறந்து சொன்னது நான்.

அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டாலும் அவள் என் உடன்பிறந்தவள் இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது ஒரே வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு இருக்கும். வழி நெடுக வாந்தி எடுத்த என்னை மடியில் கிடத்திக்கொண்டு வந்தவள் அவள்தான். முகாமில் எங்கள் கொட்டிலுக்கும் அவர்கள் கொட்டிலுக்கும் நடுவே ஒரு கிடுகு மறைப்பு மட்டுந்தான் இருந்தது. பிறகு அவள் மாம்புரிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டாள். நான் பாலாவிச் சந்தியில் கருவாட்டு மொத்தக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். அவள் புருஷன் மவுத்தான பிறகு கடற்கரையில் ஓலையால் ஒரு வாடி கட்டி, கருவாடு போட்டு, ஒரே மகளை வளர்த்தாள். போடும் கருவாட்டில் முக்கால்வாசி எங்கள் கடைக்குத்தான் வரும்.

அவளுடைய பாரைக் கருவாட்டுக்குத் தனிப் பெயர் இருந்தது. காலையில் கரைக்கு வந்த மீனை மத்தியானத்துக்குள் வெட்டிக் கழுவி உப்பிட்டுவிடுவாள். மிஞ்சிய மீனை ஒருநாளும் அடுத்த நாளைக்கு வைக்க மாட்டாள். காய்ந்ததும் பத்துப் பத்தாக அடுக்கித் தும்புக் கயிற்றால் கட்டுவாள். வாலுக்கு மேலே இரண்டு சுற்று, நடுவே ஒரு முடிச்சு. குருநாகலில் இருந்து வரும் சிங்கள வியாபாரிகள் அந்த முடிச்சைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ‘ராத்தாகே கரவல’, ராத்தாவின் கருவாடு, இருக்கிறதா என்றுதான் கடைக்குள் நுழையும்போதே கேட்பார்கள்.

கலியாணமான புதிதில் நானும் போய் அவளோடு கருவாடு கட்டியிருக்கிறேன். நான் இடக்கைக்காரி. உம்மா அடித்து அடித்துப் பழக்கியதில் சாப்பிடுவதும் எழுதுவதும் வலக்கைக்கு வந்துவிட்டன. கத்தியும் கயிறும் மட்டும் இடக்கையிலேயே நின்றுவிட்டன. என் முடிச்சுகள் எல்லாம் மற்றப் பக்கம் திரும்பி நிற்கும். ராத்தா சிரித்துவிட்டு அவற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள்.

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்தில் பாதி வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. போன வள்ளங்களும் கொஞ்ச மீனோடுதான் திரும்பின. மீன் விலை ஏற, ராத்தாவின் கருவாடும் ஏறியது. அது யாருடைய பிழையும் இல்லை. அடுத்த வருடம் டொலர் இறங்கத் தொடங்கியது. தொலைக்காட்சியில் செய்தி போகும்போது என் புருஷன் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார். நாட்டுக்கு நல்ல காலம் வருகிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்த நல்ல காலம் எங்கள் கடைக்கு ஓமான் கருவாடாக வந்து சேர்ந்தது.

புறக்கோட்டையில் இறக்குமதி செய்யும் ஒருவர் என் புருஷனைத் தொலைபேசியில் அழைத்தார். ரூபாய் இப்படியே நின்றால் கொள்கலன் கணக்கில் எடுக்கலாம், பங்குக்கு வருகிறீர்களா என்று கேட்டார். முதல் மூட்டைகள் வந்து இறங்கிய அன்று நாங்கள் இருவரும் ஒன்றை வெட்டிப் பார்த்தோம். உள்நாட்டுப் பாரையின் அரைவாசி விலைதான். ஆனால் நிறம் மஞ்சள், உப்பு கரித்தது, சாக்கு மணம் வேறு. பொரித்துத் தின்று பார்த்தோம். தின்னலாம்.

வெளிநாட்டுக் கருவாடு என்று சொல்லி விற்றிருந்தால் அதில் பாவம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்த விலைதான் கிடைக்கும். கடல் தண்ணீரில் அலசி, புத்தளத்து உப்புத் தடவி, ஒரு நாள் வெயிலில் போட்டு, ராத்தாவின் கட்டாகக் கட்டிவிட்டால் அவளுடைய விலைக்கே போகும். யோசனை அவருடையது. போய்க் கேட்போம், அவள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்றது நான்.

இரண்டு பேரும் வாடிக்குப் போனோம். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். இனி மீன் விலையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, மூட்டையைக் கொண்டுவந்து தருகிறோம், அலசிக் காயவைத்துக் கட்டித் தந்தால் போதும் என்று அவர் விளக்கினார்.

“வாங்கிறவங்க கேட்டா நான் என்னண்டு சொல்லுற?” என்றாள்.

“யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் அவர்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். “எப்ப செத்த மீன், யாரு வெட்டின மீன் ஒண்டும் எனக்குத் தெரியாது. அத என்ட மீனுண்டு குடுக்க ஏலாது, புள்ள.”

அவர் கோபப்படவில்லை. சரி ராத்தா, உங்கள் விருப்பம் என்று சிரித்துவிட்டு வந்தார். வரும் வழியில், அந்த முடிச்சு உனக்குத் தெரியுந்தானே என்று மட்டும் கேட்டார்.

ஆறு பெண்களைக் கூலிக்குப் பிடித்தோம். கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நானே நடுவில் உட்கார்ந்து முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். அத்தோடு ராத்தாவிடம் கருவாடு வாங்குவதை நிறுத்தினோம். காரணம் கேட்க அவள் வரவில்லை. வீதியோரம் ஒரு மேசை போட்டு, தலவிலக் கத்தோலிக்கக் கோயிலுக்கு யாத்திரை போய்த் திரும்பும் சனத்துக்கு விற்கத் தொடங்கினாள். எங்கள் கடையிலோ ‘ராத்தாகே கரவல’ என்று கேட்டு வந்தவர்களுக்கு ஓமான் பாரையை எடுத்துக் கொடுத்தோம். முதல் தடவை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாம் தடவை எதுவும் இல்லை.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு வந்த மூட்டைகள் சரியில்லை. துறைமுகத்தில் நெடுநாள் கிடந்தனவோ என்னவோ, பிளந்து பார்த்தால் நடுமுள்ளோரம் கறுத்திருந்தது. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். உப்பைக் கொஞ்சம் கூட்டித் தடவச் சொன்னோம்.

பத்து நாள் கழித்து, வருடக்கணக்காக எங்களிடம் எடுத்துவந்த குருநாகல் முதலாளி லொறியோடு வந்து நின்றார். ஒரு கருவாட்டுக் கட்டை எடுத்து மேசை மேல் போட்டார். அதை வாங்கித் தின்ற வீட்டில் எல்லோருக்கும் வயிற்றோட்டம், சின்னப் பிள்ளை ஒன்றை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், சனம் என் கடைக்கு வந்து ஏசுகிறது என்றார். கடையில் வேறு நான்கு பேர் இருந்தார்கள். என் புருஷனுக்குச் சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவர் என்னைப் பார்த்தார்.

நான் யோசித்து நிற்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஏற்கெனவே மனதில் எழுதி வைத்திருந்ததைப் போல வார்த்தைகள் சிங்களத்தில் வரிசையாக வந்தன. இது ராத்தாவின் கட்டு, முடிச்சைப் பாருங்கள், மீன் விலை ஏறியதும் அவள் வெளிநாட்டுக் குப்பையை வாங்கித் தன் மீனோடு கலக்கத் தொடங்கிவிட்டாள், அது தெரிய வந்துதான் நாங்கள் அவளிடம் எடுப்பதை நிறுத்தினோம், இது பழைய கையிருப்பில் மிஞ்சியது, எங்களையும் ஏமாற்றிவிட்டாள் என்றேன். கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே ஏமாந்தவளின் குரல் அது.

அவர் லொறியை நேரே அவளுடைய மேசைக்கு விட்டார். யாத்திரைக்கு வந்த ஒரு பஸ் சனம் சுற்றி நிற்க, அந்தக் கட்டை அவள் கருவாட்டின் மேல் வீசினாராம். பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் பொலிசோடு வருவேன் என்றாராம். மேசை சரிந்து கருவாடு தாரில் விழ, பின்னால் வந்த வாகனம் ஏறிப் போனதாகப் பார்த்தவர்கள் கடையில் வந்து சொன்னார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ராத்தா எங்கள் கடைக்கு வந்தாள். லொறிக்காரர்களும் சந்தியில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. கட்டை என் முன்னால் வைத்து முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

“இது மற்றப் பக்கம் திரும்பி இரிக்கி. நான் கட்டினதில்ல. இடக்கையால கட்டின ஆளு பழக்கினது” என்றாள். பிறகு நின்றவர்கள் பக்கம் திரும்பி, “இவ இடக்கைக்காரி. கட்டச் சொல்லிப் பாருங்க” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் புருஷன் எழுந்து போய் ஒரு முழம் தும்புக் கயிறும் நாலு கருவாடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “கட்டிக் காட்டு” என்றார்.

நான் வலக்கையால் கட்டினேன். கயிறு இரண்டு தரம் நழுவியது. கருவாட்டுக் கடைக்காரன் பொண்டாட்டிக்குக் கட்டத் தெரியாதா என்று யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியாகத்தான் இருந்தது. நேரம் எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை அவள் கட்டுவதைப் போலவே சரியான பக்கம் திருப்பி இறுக்கினேன். ராத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. முடியும் வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு என்னத்துக்கு ராத்தா இந்தப் பழி?” என்று கேட்டேன். அதையும் கேட்டேன்.

அவள் முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள். பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒருவன் அவளைப் பார்த்து ‘ஓமான் ராத்தா’ என்றான். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் எப்படி ஓமான் என்றான் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் மூட்டைகள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்பது சந்திக்கே தெரிந்திருந்தது போலும்.

ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போனது. ராத்தாவின் மேசைக்கு முன்னால் அதற்குப் பிறகு வாகனம் நிற்கவில்லை. அவள் இன்னும் இரண்டு மாதம் கருவாடு போட்டாள். விற்காததை மகள் தலையில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனாள். பிறகு மகளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினாள். அடுத்த வாரம் எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்று வேலை கேட்டாள்.

என் புருஷன் மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். அலசுகிற வேலை வேண்டாம், ராத்தா கட்டட்டும் என்றார். ஓமான் பாரைக்கு இப்போது அசல் கையின் அசல் முடிச்சே கிடைத்தது. மற்றப் பெண்கள் அவளைப் பார்த்துத் தங்கள் முடிச்சுகளைத் திருத்திக்கொண்டார்கள். உப்பில் ஊறிய கயிற்றை இழுத்து இழுத்து அவள் விரல் இடுக்குகள் வெடித்துவிட்டன. நான் மருந்து வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “பெரிய உபகாரம், நோனா” என்றாள்.

அதற்கு முன் அவள் என்னைத் தங்கச்சி என்பாள், புள்ள என்பாள். முதலாளியம்மாவைக் கூப்பிடுவதுபோல நோனா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மற்றப் பெண்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பாளோ என்று பயந்து விட்டுவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அவள் வாயில் நான் நோனாதான். அந்த வருடத்தில் நாங்கள் வீட்டுக்கு மேல்மாடி எடுத்தோம். மன்னாரில் அவள் வாப்பாவின் காணி காடு வெட்டித் துப்புரவாகித் திரும்பக் கிடைத்தபோது கூலியை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள், என்னிடமும்.

போன வருடம் ஒரு கலியாணத்துக்கு மன்னாருக்குப் போனபோது அவள் வீட்டை விசாரித்துப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். முன்வாசலில் பலகை போட்டுக் கருவாடு பரப்பியிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் மாறவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டாள்.

பாரை ஒரு கிலோ என்றேன்.

“இது வெளிநாட்டுச் சாமான். நம்மட கடல் மீன் பலகையில அந்தப் பக்கம் இரிக்கி, விலை கூட. தெரிஞ்சு எடுங்க” என்றாள். யார் வந்தாலும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னாள் என்று குரலிலேயே தெரிந்தது.

கூடின விலையுள்ளதைக் காட்டினேன். நிறுத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் உங்களுக்கு என்ன என்று கேட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெயிலில் நின்றேன். அவள் நிமிர்ந்து, ஆட்கள் வர வழி விடச் சொன்னாள்.