தரைக்கு ஒரு சாண் மேலே

அந்தக் காரில் ஏறினேன் என்று யாரும் சொல்ல முடியாது. இறங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். அதன் இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. முதலில் காருக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். பிறகு முழங்காலை நன்றாக மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, இருக்கையில் விழுந்து, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வருவது இதைவிடக் கஷ்டம். சார்ஜாவில் எத்தனையோ பணக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவளுடைய முழங்கால் அப்படி மடங்காது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் பிறந்தது மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வரும். அதனால் கரையில் இருந்துகொண்டு வள்ளங்களின் எஞ்சினைப் பழுது பார்த்தேன். அந்தக் கைவேலை 1991இல் என்னைச் சார்ஜாவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார்களைப் பார்க்கிற பட்டறை. இருபத்திரண்டு வருஷம் அங்கே இருந்தேன். வேலை முடிந்ததும் பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்க்கலாம், அதுவும் மேலாளர் பக்கத்தில் இருந்தால் மட்டும். கல்யாண வீட்டுச் சமையல்காரனுக்கு வாசனை மட்டும் மிஞ்சுவதுபோல எனக்கு அந்தச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் விடுப்பு. அத்தனை விடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் நானும் என் மனைவியும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது ஒன்றரை வருஷம்கூடத் தேறாது. முதல் விடுப்பில் மைத்துனனின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி அவளைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனேன். மழை பெய்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைவுகளில் நான் வண்டியைச் சாய்க்கும்போதெல்லாம் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அருவிக்கரையில் கல் விட்டுக் கல் தாவினாள். ஊருக்கு நிரந்தரமாக வந்ததும் இப்படி ஒரு காரை வாங்கி இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டவேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் அவளுக்கு எப்போதும் இருபத்துமூன்று வயதுதான்.

2013இல் திரும்பி வந்தேன். மகள் பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆறு மாதம் தேடியபிறகு கொச்சியில் ஒரு தோட்ட முதலாளியிடம் அந்த ஜெர்மன் கார் கிடைத்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த ஜாதிக் காரில் இவ்வளவு ஓடியதை வாங்க ஆள் வராது, அதனால் ஒரு புதுக் குடும்பக் கார் விலைக்கே தந்துவிட்டார். எனக்கு ஓட்டம் பெரிய விஷயமாகப் படவில்லை. தினமும் ஓடுகிற எஞ்சின் கெடாது, மூடிப் போட்டுவைத்த எஞ்சின்தான் உள்ளுக்குள்ளேயே கெடும். இரண்டு நாள் கொச்சியில் தங்கி, காதை வைத்துக் கேட்டு, கையை வைத்துத் தடவி, ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தபிறகே வாங்கினேன். எஞ்சினில் ஒரு திருகு லூசாக இருந்தால் பத்தடி தூரத்தில் இருந்து சொல்லிவிடுவேன் என்று பட்டறையில் எனக்குப் பெயர் உண்டு.

காரை ஊருக்கு ஓட்டிவரும்போது, எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் வேகத்தடைகள் ஆரம்பித்தன. எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, ரோட்டோரத்தில் சிலுவை நட்ட குருசடிக்கு ஒன்று, யாராவது சைக்கிளில் இருந்து விழுந்த இடத்துக்கு ஒன்று. நேராக ஏறினால் காரின் வயிறு தட்டும். காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வந்த பஸ்காரர்கள் என் பரம்பரையையே திட்டினார்கள். ஊர் முக்கில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தியதும் என் பழைய கூட்டாளி ஒருவன் காரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஏலே மக்கா, இது காரா, கட்டுமரமா? தரையோட கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பழையதை வாங்கியதற்குச் சிலர், வாங்கியதற்கே சிலர். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எனக்கு யாருடைய பேச்சும் உறைக்கவில்லை. நான் காத்திருந்தது ஒரே ஒருத்தி வந்து உட்காருவதற்கு.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். நல்லாயிருக்கு என்றாள். கதவைத் திறந்து காட்டினேன். சேலை கசங்கிவிடும், இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். மறுவாரம் பிரஷர் கூடியிருக்கிறது என்றாள். அதற்கப்புறம் மழை. மழை விட்டதும் நெத்திலி காயப்போட வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்து தவக்காலம் வந்தபோது, தவக்காலத்தில் உல்லாசம் கூடாது என்றாள். இத்தனை சாக்கு ஒரு மனுஷிக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காசைக் கரியாக்கிவிட்டேன் என்ற கோபத்தை இப்படிக் காட்டுகிறாள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

அதனால் தனியாக ஓட்டினேன். தினமும் விடிந்ததும் எடுத்துக்கொண்டு போவேன். தாது பிரிக்கிற மணல் ஆலையின் லாரிகள் ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம். சில நாள் ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே போகிற நேர் ரோடு வரைக்கும். அங்கே மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகுக்குப் பின்னால் இருக்கிற எஞ்சினில் இருந்து எழும்புகிற சத்தம் இருக்கிறதே, அதற்காக இன்னொரு இருபத்திரண்டு வருஷம்கூடக் கொடுக்கலாம் என்று தோன்றும். பிறகு பக்கத்து இருக்கை கண்ணில் படும். காலை மெல்ல எடுத்துவிடுவேன்.

ஈஸ்டர் கழிந்து எங்கள் கல்யாண நாள் வந்தது. அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. பட்டறையில் கிரீஸைத் தின்று வாழ்ந்தவனோடு ஒரு நாள் உட்கார்ந்துவர உனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் உள்ளே போய்ப் பட்டுச்சேலை உடுத்து வந்தாள்.

கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்தாள். பாதியில் கை விட்டுப்போய், பொத்தென்று விழுந்தாள். தொண்டையில் இருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. முகம் வெளுத்திருந்தது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாகர்கோவிலைத் தாண்டி அஞ்சுகிராமம் ரோட்டில் விட்டேன். காலை வெயிலில் ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தவள், சத்தம் உச்சத்துக்குப் போனபோது ஒரு கையை எடுத்து என் முழங்கைமேல் வைத்தாள். "கொள்ளாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. என் வாழ்க்கையில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்த நேரத்தைக் கேட்டால் அந்த நாலு கிலோமீட்டரைத்தான் சொல்வேன்.

அஞ்சுகிராமத்தில் ஒரு சர்பத் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். தான் இங்கேயே இருந்து குடிப்பதாகச் சொன்னாள். கல்யாண நாளும் அதுவுமாகக் காருக்குள் அடைந்து கிடப்பானேன் என்று நான்தான் போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அதற்குள் பத்துப்பேர் கூடிவிட்டார்கள். எல்லோர் கையிலும் செல்போன். அவள் காலை வெளியே வைத்தாள். எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. நான் இழுத்தேன்.

"இழுக்காதீங்க" என்றாள். இரண்டாம் முறை சொன்னபோது கண்ணில் தண்ணீர் நின்றது. "வலது முட்டு மடங்காது. மடக்குனா நிமித்த முடியாது. கொஞ்சம் நில்லுங்க."

எப்போதிருந்து என்று கேட்டேன். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, கையைத் தன் கழுத்தில் போடச் சொல்லி, இன்னொருத்தியோடு சேர்ந்து தூக்கினாள். பட்டுச்சேலை முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. அந்த முழங்காலை நான் பார்த்தேன். மற்றதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பழைய தையல் தழும்பு ஒன்று வெள்ளையாக ஓடியது. செல்போன் வைத்திருந்தவர்களும் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

மறுபடி அந்த இருக்கையில் உட்கார அவளால் முடியவில்லை. ஓர் ஆட்டோ பேசினேன். அவ்வளவு தூரம் வருவதற்கு முதலில் தயங்கிய டிரைவர், அவள் நின்ற நிலையைப் பார்த்து ஒத்துக்கொண்டார். ஆட்டோ முன்னால், நான் பின்னால், வீடு வரைக்கும் இரண்டாம் கியரில். எஞ்சின் சூடேறி விசிறி ஓயாமல் சுற்றியது. வேகத்தடைகளில் ஆட்டோ சுளுவாக ஏறி இறங்கியது. எனக்குக் காரைக் குறுக்கே திருப்பத் தோன்றவில்லை, ஒவ்வொன்றிலும் வயிறு தட்டியது. ஒருமுறை அவள் திரும்பிப் பார்த்து, முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினாள். நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு சொன்னாள். 2005இல் இந்த வீட்டுக்கு மாடி கான்கிரீட் போட்டபோது, அதற்குத் தண்ணீர் ஊற்ற இவள்தான் குடத்தோடு ஏறி இறங்கியிருக்கிறாள். கைப்பிடி கட்டாத படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு வர்ம வைத்தியரிடம் நாற்பது நாள் எண்ணெயும் கட்டும். அந்த நாற்பது நாளும் வாரம் தவறாமல் நான் போன் பண்ணியிருக்கிறேன். எல்லாரும் சுகம், கான்கிரீட் நல்லபடியா முடிஞ்சுது என்று இவள் சொல்லியிருக்கிறாள். வளைகுடாவில் ஆள் இருக்கிற எங்கள் ஊர் வீடுகளில் இது எழுதாத சட்டம். கெட்ட சேதியைப் போனில் சொல்லக்கூடாது. நானும் அங்கே இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்ததை இவளிடம் சொன்னதில்லை.

"லீவுக்கு வந்தப்பமாவது சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"நாப்பத்தஞ்சு நாளு வருவிய. அதுல பத்து நாளு ஆஸ்பத்திரில போவும். பின்ன என்ன லீவு?"

இப்போது எல்லாம் விளங்கியது. மாடிக்கு எப்போதும் எனக்குப் பின்னால்தான் ஏறினாள். மேலே வெக்கை என்று கீழே படுத்தாள். வெளிச்சத்தில் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏறவிட்டதில்லை. வீடியோவில் கூப்பிட்டால் முன்னமே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நடை மெதுவானதைப் பார்த்திருக்கிறேன், வயசு என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கத்தில் இருந்து முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். எழுந்தேற்றத்தில், சாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில், கோயில் முழுக்க முழந்தாளில் இருந்தது. பெண்கள் பக்கம் கடைசியில், கிழவிகளோடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை அந்த நாற்காலியை எட்டு வருஷமாக அவளுக்கென்று எடுத்துப் போடுகிறாராம். ஊரில் அவள் காலைத் தெரியாதவன் நான் ஒருவன்தான். எஞ்சினுக்குக் காது கொடுத்தவன் நான். எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்றைக்கும் போகவில்லை.

காரை விற்றுவிடப் போவதாக அவளிடம் சொன்னேன். உயரமான வண்டி ஒன்று வாங்குவோம், நீ சௌகரியமாக உட்காரலாம் என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"விக்காண்டாம்" என்றாள். "அது வந்தது எனக்கு உபகாரமாத்தான் இருந்து. வெளுப்பாங்காலம் நீங்க அதை எடுத்துட்டுப் போவியள்லா, அந்த ஒரு மணிக்கூரு நான் எனக்க இஷ்டத்துக்கு நொண்டிட்டு நடப்பேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அந்தக் கார் வந்தபிறகு தனக்குக் கிடைத்த ஒரே சுகத்தை அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய அதே ஒரு மணி நேரம்.

மறுநாள் விடிந்ததும் நான் வண்டியை எடுக்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் இருந்து அவள் தம்ளரில் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து, நேராக நடந்து வந்தாள். இனி எதற்கு இது, உனக்கு எப்படி வருகிறதோ அப்படி நட என்றேன். அவளும் முயன்றாள். இரண்டு அடி வைத்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் கால் தானாக நேரானது. நின்றுவிட்டாள்.

"ஒங்க முன்ன வைச்சு வரமாட்டேங்குது" என்றாள். தம்ளரை என்னிடம் நீட்டினாள். பிறகு சாவி தொங்கிய ஆணியைப் பார்த்தாள். "ஒரு மணிக்கூரு வெளிய போயிட்டு வாருங்களேன்."

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊர் தாண்டி, மணல் ஆலைக்குப் போகிற வழியில் காரை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தேன். அவள் கேட்ட ஒரு மணி நேரம் முடிகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.